சொன்னவர்களும் எழுதியவர்களும்

தம் கல்லறையில் தம்மை ஒரு தமிழ் மாணவன் என்று பொறிக்க வேண்டும் என ஜி.யு. போப் கேட்டுக்கொண்டாராம். எழுபதுகளில் ஊட்டியில் நான் படித்த பள்ளியில் இதைச் சொல்லும்போதெல்லாம் தமிழம்மாவின் குரல் தழுதழுக்கும். வகுப்பு அமைதியாகிவிடும். கடல் கடந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் நம் மொழிக்கு முன்னால் மாணவனாகப் படுத்திருக்கிறார் என்பது அந்த வயதில் எங்களுக்குப் பெரிய பெருமை. தமிழ்நாட்டில் அந்தப் பாடத்தைக் கேட்காமல் பள்ளியை முடித்தவர்கள் என் தலைமுறையில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இன்று அந்தக் கல்லறையின் படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில், செயின்ட் செபல்கர்ஸ் இடுகாட்டில் இருக்கிறது. கல்லில் தமிழ் மாணவன் என்ற வரி கிடையாது. போப் அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்றும், குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு வைத்த கல் இது என்றும் எழுதியிருக்கிறது. நாங்கள் கேட்டு வளர்ந்த கதையைவிட இந்தச் செய்தி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1908இல் ஒரு கிழவர் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்துபோகிறார். அவருக்குக் கல் நாட்ட இங்கிருந்து சிலர் முன்வருகிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர், அவருக்கு எப்படிப் பழக்கம்? கல்லில் அவர்கள் பெயர் இல்லை. நண்பர்கள் என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள்.

போப்பைப் போல வெளியிலிருந்து வந்த அறிஞர்களின் வாழ்க்கையை எங்கே தொட்டாலும் இப்படி ஓர் இடம் வரும். போப்புக்கும், அவரைப் போலத் தமிழ் கற்ற போதகர்களான வின்சுலோவுக்கும் ட்ரூவுக்கும் சென்னையில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் இராமாநுச கவிராயர். அவர் பெயரைத் தமிழ் படித்தவர்களிடம் சொன்னாலே சற்று யோசிப்பார்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிப் போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் வீரமாமுனிவருக்கும் மெரினாவில் சிலை வைத்தோம். அது சரியான செயல்தான். அந்தச் சிலைகள் அங்கே இருக்க வேண்டும். நான் கேட்பது, அவர்களுக்குக் கற்பித்தவர்களைப் பற்றி.

நான் நீலகிரிக்காரி. அப்பாவுக்கு ஊட்டி இந்துநகரில் பிலிம் பேக்டரியில் வேலை. சந்தைக்குப் போனால் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த கனத்த வெள்ளைப் போர்வை போர்த்திய மலைமக்களான தோடர்களைப் பார்ப்போம். தாவரவியல் பூங்காவுக்கு மேலே அவர்களுடைய மந்து, அதாவது குடியிருப்பு, ஒன்று இருந்தது. வளைந்த கூரை போட்ட வீட்டைக் காட்ட வெளியூர் உறவினர்களை அங்கே அழைத்துப் போவோம். படம் எடுத்துக்கொள்வோம், கீழே இறங்கி வந்துவிடுவோம். தோடர் என்றால் எருமை, போர்வை, ஒரு பெண்ணுக்குப் பல கணவர்கள் என்ற பேச்சு. எங்கள் வீட்டிலும் பள்ளியிலும் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர்களுக்கு ஒரு மொழி இருக்கிறது, அது தமிழுக்கு நெருங்கிய உறவு, அதில் கடல்போலப் பாட்டுகள் இருக்கின்றன என்று யாரும் சொல்லவில்லை. கல்லறையைப் பற்றிச் சொல்லித்தந்த அதே பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அந்த மந்து இருந்தது.

அதே போப் ஊட்டியில் வாழ்ந்தவர் என்பதும் எங்களுக்குத் தெரியாது. 1850களின் இறுதியில் இங்கே வந்து பள்ளி நடத்தினார், பிறகு பெங்களூருக்குப் போனார். 1873இல் வெளிவந்த ஒரு நூலின் பின்னிணைப்பாகத் தோடர் மொழிக்கு அவர் எழுதிய சிறு இலக்கணம் இருக்கிறது. அந்த நூலை எழுதியவர் மார்ஷல் என்ற படை அதிகாரி. மண்டையின் மேடுபள்ளங்களை அளந்தால் ஒருவருடைய குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர் அவர். நீலகிரியில் தோடர்களின் தலைகளை அளந்தார். அந்த அளவுகளுக்கு இன்று ஒரு மதிப்பும் இல்லை, அந்த அறிவியலே பொய்யென்று ஆகிவிட்டது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த சில பக்க இலக்கணத்தைத்தான் மொழியியல் வரலாற்றில் இன்னும் குறிப்பிடுகிறார்கள்.

அந்தச் சில பக்கங்களும் எப்படி வந்தன என்று பாருங்கள். போப்புக்குச் சொற்களையும் வாக்கியங்களையும் தொகுத்துக் கொடுத்தவர் பிரீட்ரிக் மெட்ஸ். கேத்தியில் இருந்த பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மன் போதகர், மலைமக்களிடையே நெடுங்காலம் நடந்து திரிந்தவர். மெட்ஸுக்கு அவற்றைச் சொன்னவர் ஒரு தோடராகத்தான் இருக்க வேண்டும், பலராகவும் இருக்கலாம். நூலின் முகப்பில் மார்ஷல், பின்னிணைப்பின் தலைப்பில் போப், அதற்கு அடியில் மெட்ஸ். வாய் திறந்து சொன்ன தோடர் எங்குமே இல்லை.

அடுத்து வந்தவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜில் இருந்த மருத்துவர், உளவியலாளர். டோரஸ் நீரிணைத் தீவுகளில் ஆய்வு செய்த சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1901இன் பிற்பகுதியில் நீலகிரிக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். 1906இல் வெளியான ‘தி தோடாஸ்’ மானிடவியல் படிக்கும் எவரும் தாண்டிப்போக முடியாத நூல். உறவுமுறைகளைக் கேட்டுக் கேட்டு, தோடர் குடும்பங்களின் மரபுவழியை அட்டவணைகளாக அடுக்கிக் காட்டியிருக்கிறார். பின்னாளில், முதல் உலகப் போரில் மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்தவரும் இவர்தான். கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் அவருடைய நோயாளி. பிறர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பது அவருடைய வாழ்நாள் தொழிலாக இருந்தது என்று சொல்லலாம்.

அந்த நூலில் என்னை உலுக்கிய பகுதி அட்டவணைகளில் இல்லை. தோடர்களின் பால்கோயில் சடங்குகள் மிகவும் புனிதமானவை, வெளியாருக்குச் சொல்லக் கூடாதவை. சிலர் ரிவர்ஸுக்குச் சொன்னார்கள், சில இடங்களைக் காட்டினார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு அடுத்தடுத்துத் துன்பம் வந்தது: நோய், வீட்டில் சாவு. மறைவானதை வெளியாரிடம் சொன்னதால் தெய்வங்கள் கோபம்கொண்டன என்று குறி சொல்பவர்கள் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு பலரும் வாயை மூடிக்கொண்டார்கள். இதை ரிவர்ஸே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது என் மனம் அந்த மந்துக்காரர்களிடம்தான் போகிறது. அறிவு என்று நாம் நூலகத்தில் எடுத்துப் படிப்பதற்கு ஒருவர் தம் நம்பிக்கையின்படி மிகப்பெரிய விலை கொடுத்திருக்கிறார். எழுதியவர் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிப் போனார். சொன்னவர் அந்தத் துக்கத்தோடு இதே மலையில் வாழ்ந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மொழியியல் படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். நீலகிரிக்காரி என்றதும் பேராசிரியர் ஒருவர், ‘எமனோ ஊர்ப் பொண்ணா?’ என்று கேட்டார். அந்தப் பெயரை அன்றுதான் கேட்கிறேன். என் ஊருக்கு இப்படி ஒரு பெயரும் உண்டு என்று சிதம்பரத்துக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மரே பார்ன்சன் எமனோ 1904இல் கனடாவின் கிழக்கோரத்தில், நோவா ஸ்கோஷியாவில் லூனென்பர்க் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். போப் பிறந்தது அதற்குப் பக்கத்துத் தீவான பிரின்ஸ் எட்வர்ட் தீவில், 1820இல். அட்லாண்டிக்கின் ஒரே மூலையில் எண்பத்துச் சொச்சம் ஆண்டு இடைவெளியில் பிறந்த இருவர், இருவரும் ஊட்டிக்கு வந்து, இருவரும் தோடர் மொழிக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். இதில் தொடர்பு எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் இரண்டு ஊர்களையும் வரைபடத்தில் பார்த்த நாள் முதல் என் மனதை விட்டுப் போகவில்லை.

எமனோ முதலில் கிரேக்கமும் இலத்தீனும் படித்தார், ஆக்ஸ்ஃபோர்டு போனார், யேலில் சமஸ்கிருதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். சுவடியும் உரையுமாக வாழ்ந்திருக்க வேண்டியவர். யேலில் இருந்த எட்வர்ட் சபீர் அவரைப் பேச்சு மொழிகளின் பக்கம் திருப்பினார். அமெரிக்கப் பழங்குடி மொழிகளைப் பேசுவோர் வாயிலிருந்தே கேட்டு எழுதிய மாமேதை சபீர். அவர் தூண்டுதலால் 1935இல் இந்தியாவுக்கு வந்த எமனோ மூன்று ஆண்டுகள் இருந்தார். தோடர், கோத்தர், படகர் மொழிகளை இங்கே கற்றார். குடகுக்கும் போனார். மத்திய இந்தியாவில் கொலாமி மொழியையும் எழுதிக்கொண்டார்.

சட்டைப்பையில் வைக்கும் ஒலிப்பதிவுக் கருவி வந்திராத காலம். கேட்பது, எழுதுவது, திரும்பச் சொல்லிக் காட்டுவது, தப்பு என்றால் மறுபடி கேட்பது. இதைத் தோடர் மொழியில் செய்வது எளிதல்ல. நம் தமிழில் ர, ற என்று இரண்டு வைத்துக்கொண்டே பிள்ளைகள் திண்டாடுகிறார்கள். தோடர் மொழியில் அந்த வகை ஒலி மட்டுமே ஆறு. நாக்கு பல்லருகே, அதற்குச் சற்றுப் பின்னே, மேலண்ணத்தில் மடிந்து என மூன்று நிலை, ஒவ்வொன்றிலும் ‘ய்’ சாயல் சேர்ந்தும் சேராமலும் இரண்டு. பிற்காலத்தில் பெரி பாஸ்கரராவும் பீட்டர் லடிபோகிடும் கருவிகளை வைத்து அளந்து இந்த வேறுபாடுகளை உறுதிசெய்தார்கள். எமனோ 1930களில் காதை மட்டும் நம்பி அவற்றைப் பிரித்து எழுதிவிட்டார். அந்தக் காதுக்கு நான் தலைவணங்குகிறேன். ஒரே ஒலியை அவருக்குப் புரியும்வரை சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டிய நாவுக்கும் அதே வணக்கம் உண்டு.

பாட்டுகள்தான் அவரை ஆட்கொண்டன. தோடர்கள் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பாட்டுக் கட்டுவார்கள். கல்யாணம், சாவு, எருமை ஓடிப்போனது, புது வீடு, யாரோ ஒருவரின் பயணம், எதற்கும் உண்டு. பாட்டுக் கட்டத் தெரியாத தோடர் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது எல்லோர் கையிலும் இருந்தது. பாட்டின் சொற்றொடர்கள் இரண்டிரண்டாக, ஒன்றுக்கொன்று இணையாக வரும். இந்த மலைக்கு அந்த மலை, இந்த எருமைக்கு அந்த எருமை என்று எதற்கு எது இணை என்பது மரபில் தீர்மானமாகியிருக்கும். தோடர் வாழ்வில் உள்ள ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் செயலுக்கும் இப்படி ஒரு பாட்டுத் தொடர் உண்டு. அவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, நடந்ததை நேரே சொல்லாமல் குறிப்பால் பாட வேண்டும். கேட்பவர்களுக்கு ஊரும் உறவும் தெரிந்திருந்தால்தான் பொருள் விளங்கும். எமனோ கேட்டு எழுதிய பாட்டுகள் 1971இல்தான் ‘டோடா சாங்ஸ்’ என்ற பெருநூலாக வந்தன. எழுதிக்கொண்டு போனதற்கும் அச்சேறியதற்கும் நடுவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஒவ்வொரு பாட்டிலும் வரும் மந்து எது, ஆள் யார், எருமை எந்த மந்தையைச் சேர்ந்தது என்று விளக்காமல் அவர் விடவில்லை.

கோத்தர் மொழிக்கு வந்தால், அவருக்குச் சொன்னவரை நமக்குப் பெயரோடு தெரியும். கே. சுல்லி. கொல்லிமலை என்ற கோத்தர் ஊரைச் சேர்ந்தவர், ஆங்கிலம் கற்றவர், பள்ளி ஆசிரியர். 1944 முதல் 1946 வரை பகுதி பகுதியாக வந்த எமனோவின் ‘கோட்டா டெக்ஸ்ட்ஸ்’ பெரும்பாலும் சுல்லி சொல்லச் சொல்ல எழுதிய கதைகள். அதே காலத்தில் நீலகிரிக்கு வந்த மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாமுக்கும் அவர்தான் வழிகாட்டி. மண்டல்பாம் நன்றி மறக்காதவர். சுல்லியைப் பற்றியே 1960இல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். கோத்தர் ஆண்களின் நீண்ட முடியைச் சுல்லி வெட்டிக்கொண்டதும், அதனால் ஊரே அவருக்கு எதிராகத் திரண்டதும், பழைய வழக்கங்களை மாற்ற அவர் நடத்திய நெடும் போராட்டமும் அதில் இருக்கின்றன. 1924இல் ஒரு கொள்ளைநோய் கோத்தர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. பெரியவர்கள் பலர் போய்விட்ட ஊரில் எது பழையது, எதைக் காக்க வேண்டும், எதை விட வேண்டும் என்ற சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். அந்தச் சண்டையில் ஒரு கட்சிக்குத் தலைமை ஏற்றவர், இன்னொரு பக்கம் உட்கார்ந்து பழங்கதைகளை ஒன்று விடாமல் ஒரு வெளிநாட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாற்ற நினைத்ததையே எழுத்தில் ஏற்றிக் காக்கவும் செய்தார்.

மாணவியாக இருந்தபோது நான் சுல்லியின் பெயரைக் கேள்விப்படவில்லை. அன்று எங்கள் உலகம் முழுவதும் ‘டி.இ.டி.’ தான். எமனோவும் ஆக்ஸ்ஃபோர்டின் தாமஸ் பரோவும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி. பரோ சமஸ்கிருதப் பேராசிரியர். நிற்கும் இடம் சமஸ்கிருதப் பீடமாக இருந்தாலும் பர்ஜி, பெங்கோ போன்ற மத்திய இந்தியத் திராவிட மொழிகளைத் தேடிக் காட்டுக்குள் போனவர். ஒருவர் பெர்க்கிலியிலும் மற்றவர் ஆக்ஸ்ஃபோர்டிலும் இருந்தபடி இந்தப் பெரும்பணியை முடித்தார்கள். நூலகத்தில் அந்த அகராதி வெளியே எடுத்துப் போகக் கூடாத பிரிவில் இருக்கும். வரிசையில் காத்திருந்து வாங்கி, வேண்டிய பதிவுகளை அட்டைகளில் கையால் எழுதிக்கொள்வோம். 1984இல் திருத்திய பதிப்பு வந்தது, ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பதிவுகளோடு. அது எங்கள் துறைக்கு வந்த நாளை இன்றும் ஒரு திருநாளாக நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில்தான் விவாதமும் சூடாக இருந்தது. எட்வர்ட் சயீதின் ‘ஓரியண்டலிசம்’ 1978இல் வந்திருந்தது. அதன் வாதங்கள் எங்கள் விடுதிவரை வந்து சேர்ந்தன. ஒரு கூட்டம், இந்த அறிஞர்கள் எல்லோரும் ஆட்சிக்குச் சேவகம் செய்தவர்கள், நம்மைப் பிரித்தவர்கள் என்று சொல்லும். இன்னொரு கூட்டம், இவர்கள் இல்லையென்றால் நம் மொழிக்கு விடிவே இல்லை என்று சொல்லும். இரவு முழுக்கச் சண்டை நடக்கும். இரண்டு பக்கத்திலும் உண்மை இருந்தது. மார்ஷல் மண்டை அளந்ததும் உண்மை, எமனோ காது கொடுத்ததும் உண்மை. இப்போது யோசித்தால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. புகழ்ந்தவர்களும் சரி, ஏசியவர்களும் சரி, பேசியது முழுவதும் வெள்ளைக்காரர்களைப் பற்றி. அந்த விடுதி அறையில் தோடர் ஒருவரும் இல்லை, கோத்தர் ஒருவரும் இல்லை. அவர்கள் மொழியில் ஒரு வாக்கியம் பேசத் தெரிந்தவர்களும் எங்களில் மிகச் சிலரே.

அந்தச் சிலரைச் சொல்லாமல் போனால் அநியாயம். அண்ணாமலையிலிருந்து எஸ். சக்திவேல் தோடர் மொழியின் ஒலியமைப்பும் சொற்களும் அடங்கிய நூலை 1976இலும் இலக்கணத்தை 1977இலும் வெளியிட்டார். ஜி. சுப்பையா கோத்தர் மொழிக்கு இலக்கணம் எழுதினார். செக் நாட்டிலிருந்து வந்த கமில் சுவலபில் இருளர் மொழியை ஆராய்ந்தார். சங்க இலக்கியத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தவர்களில் பலருக்கு இந்த இருளர் ஆய்வு தெரியாது. சக்திவேல், சுப்பையா பெயர்கள் துறைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? கடல் தாண்டி வந்தவர் செய்தால் அதிசயம், விழுப்புரத்தில் ரயில் மாறி வந்தவர் செய்தால் வேலை என்று நாம் எண்ணிவிட்டோம்.

இப்போது பரோ–எமனோ அகராதி முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் ஒரு வேரைத் தட்டினால் தமிழ், மலையாளம், தோடா, கோத்தா, கோண்டி, குருக், பிராகுயி வரை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நான் வருடக்கணக்கில் அட்டையில் எழுதியதை ஒரு கல்லூரிப் பிள்ளை பேருந்தில் நின்றுகொண்டே பார்த்துவிடுகிறது. எனக்கு இதில் மகிழ்ச்சி மட்டும்தான். பூட்டி வைத்த அறிவு வெளியே வந்தது நல்லது. ரிவர்ஸின் நூலும் அப்படியே கிடைக்கிறது. தோடர் மொழிச் சொற்களின் ஒலிப்பதிவுகளை லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் காப்பகத்தில் கேட்கலாம்.

ஆனால் மலை மாறிவிட்டது. எருமை மேய்ந்த புல்வெளிகளில் கற்பூர மரமும் சீகை மரமும் நட்டது ஒரு காலம். அங்கே மேயும் மந்தைகள் சிறுத்துவிட்டன. தோடர்கள் அன்றும் இன்றும் எண்ணிக்கையில் மிகச் சிலர்தான். பிள்ளைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். போர்வையின் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெண்களின் கைக்கு வருமானம், வரவேற்கிறேன். பாட்டுக்கு அப்படி எந்தக் குறியீடும் இல்லை. எமனோவின் பாட்டு நூலோ ஆங்கிலத்தில், ஆய்வாளர் மட்டுமே வாசிக்கக்கூடிய எழுத்துக் குறிகளில் கிடக்கிறது. தமிழில் ஒரு மொழிபெயர்ப்பையும் நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்று நான் ஊட்டிக்கே திரும்பி வந்தேன். தேவாலயத்துக்குப் பக்கத்தில் வீடு. செவிலியர் படிப்பு முடித்த தோடர் பெண் ஒருத்தி ஒரு நாள் வந்தாள். தன் கைப்பேசியில் ரிவர்ஸின் அட்டவணை ஒன்றை இறக்கி வைத்திருந்தாள். ‘டீச்சர், இந்தப் பேரு எங்க தாத்தாவோட தாத்தா. பேரு சரியாத்தான் இருக்கு. ஆனா இவங்களுக்குப் பொண்ணுங்களே இல்லைங்கிற மாதிரி போட்டிருக்கு. எங்க பாட்டி அப்படிச் சொல்லல’ என்றாள். எனக்கு மெய்சிலிர்த்தது. நூறு ஆண்டுக்கு முன் எழுதியதைக் கேட்பதற்கு உரிமை உள்ளவர்கள் இப்போது கேட்கிறார்கள். நூலகம் நூலகமாக அலைந்து நாங்கள் மேற்கோள் காட்டிய பக்கத்தை, இவள் தன் வீட்டுக் குடும்ப அட்டையைப் போல விரலால் தொட்டுத் திருத்தினாள்.

பாட்டு நூலைப் பற்றிச் சொன்னேன். அந்த எழுத்துக் குறிகளைப் படிக்கத் தெரியுமா என்று கேட்டாள். எனக்குக் குறிகள் தெரியும், மொழி தெரியாது. அவளுக்கு மொழி தெரியும், குறிகள் தெரியாது. அன்று முதல் சனிக்கிழமைகளில் அவள் வருகிறாள். நான் குறியைப் பார்த்து ஒலியைச் சொல்வேன். என் நாக்கில் அந்த ஆறு ரகர ஒலிகளும் ஒன்றாகக் குழம்பும். அவள் சிரிக்காமல் திருத்துவாள். பிறகு தானாகவே அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பாடிவிடுவாள். தெரியாத தொடர் வந்தால் நிறுத்திவிடுவாள். ‘இது பெரியவங்க பேச்சு, கேட்டுட்டு வர்றேன் டீச்சர்’ என்பாள். அடுத்த வாரம் விளக்கத்தோடு வருவாள். சில இடங்களில் எமனோ எழுதியிருக்கும் பொருளை அவளுடைய பெரியப்பா ஒத்துக்கொள்வதில்லை. அந்த மந்துக்காரர்கள் சொன்னது அது, எங்கள் மந்தில் இதற்கு இதுதான் இணை என்று சொல்லி அனுப்புகிறார். ஒரு சாவுப் பாட்டை அவர் படிக்கவே கூடாது என்றார். அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிவிட்டோம். ரிவர்ஸிடம் சொன்னவர்களை நினைத்துக்கொண்டு நானும் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை.

அவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் தானாகச் சில புள்ளிகளும் கோடுகளும் சேர்த்துத் தன் மொழியை எழுதுகிறாள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே, பொருள் சொன்னவர் பெயர், அவருடைய மந்து, அவர் யாருடைய மகன் அல்லது மகள் என்று குறிப்பு. அதை எழுதாமல் அடுத்த பாட்டுக்குப் போக விடமாட்டேன் என்கிறாள். ‘டீச்சர், உங்க பேரும் போடணுமா?’ என்று கேட்டாள். குறியைப் படித்துக் காட்டியவர் என்று சின்னதாகப் போடச் சொன்னேன். இந்த வாரம் ஓடிப்போன எருமையைத் தேடிப் போகும் பாட்டு. அதில் வரும் இரண்டு மலைகளில் ஒன்று எது என்று அவளுக்கும் தெரியவில்லை, எமனோவின் குறிப்பும் அந்த இடத்தில் தெளிவாக இல்லை. சித்தப்பா அந்தப் பக்கம் மாடு மேய்த்தவராம். கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.